ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பாஸ்வேர்டு

எங்கள் கம்பெனியின் டெலிபோனைப் பேக்கிங் டேப்பால் சுற்றிக் கட்டியவன் நான்தான். ரிசீவரை யாரும் எடுக்க முடியாதபடி பழுப்பு டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, ஓரத்தைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டினேன். ஆபீஸ் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு சுத்து சுத்துண்ணே. எவனாவது பழக்கத்துல எடுத்துடப் போறான்" என்றார். பெட்டி கட்டுவது என் வேலை. போனைக் கட்டியது அந்த ஒரு நாள்தான். அந்த நாள் நினைவுக்கு வந்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பஸ்ஸில் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதன் முன்னால் ரெண்டு அறை. கார் கதவுக்குக் கீல் செய்தோம். ஷெட்டுக்குள் பிரஸ் மிஷின்கள் நாள் முழுக்கத் தடதடக்கும். முன்னறையில் ஆபீஸ் அம்மா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். உள்ளே போகும் வழியில் கண்ணாடிக் கதவு போட்ட இன்னொரு அறை, அது முதலாளியுடையது. அவர் மேசை மேலும் ஒரு போன் உண்டு, ஆனால் லைன் ஒன்றுதான். இங்கே நம்பர் போட்டால் அங்கே 'டிங்' என்று மெல்லக் கேட்கும். ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. முதலாளியிடம் செல்போனும் இருந்தது. எங்கள் பக்கம் டவர் கிடையாது என்பதால் அவர் ஸ்ரீபெரும்புதூர் போனால்தான் அதைக் காதில் வைப்பார்.

நான் டிஸ்பாட்ச்சில் இருந்தேன். கீல்களை எண்ணெய்த் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் போட்டு, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றுவேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் மட்டும் தெரியும். அதுவும் லேபிள்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பேசுவதுதான். டீயில் சர்க்கரை இல்லை என்றால் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே குடித்துவிட்டு வருகிற ஆள் நான். முதலாளியிடம் அத்தனை வருஷத்தில் நான் பேசிய வார்த்தை 'சரிங்க' ஒன்றுதான். இந்த வேலையே என் மச்சான் வந்து எனக்காகப் பேசி வாங்கிக் கொடுத்தது. இது போனால் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நின்று, 'வேலை இருக்குங்களா' என்று நானே வாயைத் திறந்து கேட்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு முதுகில் வியர்க்கும்.

எங்களிடம் கீல் வாங்கிய பெரிய கார் கம்பெனி புதிதாக ஒரு சட்டம் போட்டது. லாரி அவர்கள் கேட்டுக்குப் போகும்போது, அதில் என்னென்ன இருக்கிறது என்கிற விவரம் அதற்கு முன்பே போன் லைன் வழியாக அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்காக மூன்று பிளாப்பிகளும் இங்கிலீஷில் ஒரு தாளும் கொடுத்தனுப்பினார்கள். பிளாப்பிக்குள் ஒரு புரோகிராம் இருந்தது. அதில் படம் கிடையாது, மௌஸுக்கு வேலை கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாகக் கட்டளை அடித்தால் அது நடக்கும். அன்றைய சரக்கு விவரங்களை எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டும், மேலே நம் கம்பெனிப் பெயரை ஒட்டும், மோடம் என்கிற சின்னப் பெட்டி வழியாக அனுப்பிவிடும்.

"நீ செய்ற வேலயத்தாண்ணே இது செய்யப் போவுது" என்றார் ஆபீஸ் அம்மா. அவர் படப்பையிலிருந்து வருகிறவர், வாய் ஓயாது.

என் முகம் எப்படிப் போயிற்றோ, உடனே சொன்னார்: "பயப்படாத. இதுக்கு லாரி ஏத்தத் தெரியாது."

முதல் லாரி திங்கட்கிழமை. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் பேக்கேஜ் வராவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லாரி திரும்பினால் ஆர்டர் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள வேறொரு கம்பெனிக்குப் போய்விடும். முதலாளி மிஷின்களை நிறுத்தச் சொல்லி, ஷெட் நடுவில் நின்று இதைச் சொன்னார். "நமக்கு இந்த ஒரு ஆர்டர்தாம்பா. இது போச்சுன்னா ஷட்டர எறக்கிட்டு நானும் உங்க கூடவே வேல தேடிக்கினு வரவேண்டியதுதான்" என்று சிரித்தார். அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த நிமிஷமே யார் யாரோ வாட்ச்மேன்கள் முன்னால் மனதுக்குள் நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

கம்ப்யூட்டரை விற்றவர் வந்து புரோகிராமைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் அவர் தங்கையைப் பெண் பார்க்க வந்துவிட்டார்களாம், வரவில்லை. கார் கம்பெனியில் ஒரு இன்ஜினியர் இருந்தார். தானே போனில் சொல்லித் தருவதாகவும், அதன்படி அடித்தால் போதும் என்றும் சொன்னார். அவர் பெயர் எங்களுக்குக் கடைசி வரை 'போன் சார்'தான். ஆனால் ஒரு சங்கடம். எங்களிடம் இருந்த ஒரே லைனை மோடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மோடம் பேசும்போது மனுஷர் யாரும் அந்த லைனில் பேசக்கூடாது, போனைத் தூக்கவும் கூடாது. அதனால்தான் டேப்.

அப்படியானால் போன் சார் சொல்வதை எங்கே கேட்பது? ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருந்தது. அதில் எஸ்.டி.டி பூத்தும் இருந்தது. ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே. யாராவது ஒருவர் அங்கே நின்று போன் சார் சொல்வதைக் கேட்டு, இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் அம்மாவிடம் சொல்ல வேண்டும். முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். ஷெட்டில் எல்லார் கையிலும் வேலை இருந்தது. லாரி ஏற்றி முடித்துவிட்டதால் என் கை மட்டும் சும்மா இருந்தது.

"நீ சும்மாதானே கீற? போ. போன் சார் சொல்றத வாங்கி இங்க கத்திச் சொல்லு."

"சரிங்க" என்றேன்.

லாரி டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வண்டியைக் கிளப்பும்போது தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, நான் கேட்டுல போய் நிக்கேன். நீங்க அதுக்குள்ள அத அனுப்பிருங்க. இல்லன்னா இம்புட்டையும் நீங்கதான் திரும்ப எறக்கணும் பாத்துக்கிடுங்க" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

டீக்கடைக்காரர் நல்ல மனுஷர். பூத்திலிருந்து போனை வயரோடு இழுத்து வந்து பன் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் வரை வந்து நிற்க முடிந்தது. பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"முதல் பிளாப்பியப் போடச் சொல்லுங்க சார்" என்றார் போன் சார். என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் அம்மா காதில் கையைக் குவித்து வைத்துக் காட்டினார். மறுபடி திறந்தேன். பூனை இருமின மாதிரி ஏதோ வந்தது.

"இன்னா நைனா, காதுல ரகசியம் சொல்றியா?" என்றார் டீக்கடைக்காரர். "வூட்ல சம்சாரத்தாண்ட எப்டி கத்துவே?"

"கத்த மாட்டேங்க."

"சரி, அப்ப இங்க கத்திப் பழகிக்க."

பெஞ்சே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குள் எதுவோ கழன்றுகொண்டது. "மொத பிளாப்பி!" என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதா என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஆபீஸ் அம்மா பிளாப்பியைத் தூக்கிக் காட்டி, உள்ளே தள்ளினார். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆனது.

அப்புறம்தான் கட்டளைகள். எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். ஏ, அப்புறம் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. புள்ளிகளுக்கு முஷ்டியை மேலே ஒன்று கீழே ஒன்று வைத்துக் காட்டினேன். அடுத்து, சாய்ந்த கோடு. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கேட்டேன். "இடது பக்கம் சார்" என்றார். நான் ரோட்டோரத்தில் விறைப்பாக நின்று உடம்பை இடது பக்கம் சாய்த்துக் காட்டினேன். ஆபீஸ் அம்மாவும் அங்கே என்னைப் பார்த்து அதே மாதிரி சாய்ந்தார். அடித்தார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மறுபடியும் சாய்ந்தேன், மறுபடியும் ஏற்கவில்லை. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் எதிரும் புதிருமாகச் சாய்ந்துகொண்டு நிற்பதை அந்த வழியாகப் போன ஒரு டெம்போக்காரர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

"யோவ், அவங்க உன்ன எதுத்தாப்ல பாக்கறாங்க. உன் இடது அவங்களுக்கு வலதுபா" என்றார் பெஞ்சில் ஒருவர்.

"அவங்க இடது கை ஒரகடத்துப் பக்கம். ஒரகடத்துப் பக்கம் சாயுன்னு சொல்லேன். ஒரகடம் ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்தானே கீது?" என்றார் இன்னொருவர்.

"கோடு ஒரகடத்துப் பக்கம் சாயணும்!" என்று கத்தினேன். உடனே ஏற்றுக்கொண்டது.

அதற்கடுத்த தொல்லை எழுத்துகள். டி, பி, சி, வி எல்லாம் லாரி இரைச்சலில் ஒன்று போலவே கேட்டன. நான் டி என்றால் அம்மா பி அடித்தார். அந்த நேரம் தாம்பரம் போர்டு போட்ட பஸ் ஒன்று என்னைக் கடந்து போயிற்று. "டி! தாம்பரம் டி!" என்று கத்தினேன். ஆபீஸ் அம்மா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. படப்பை பி, வல்லம் வி, செம்பரம்பாக்கம் சி, குன்றத்தூர் கே, மணிமங்கலம் எம், இருங்காட்டுக்கோட்டை ஐ. எல்லுக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் ஊரே கிடைக்கவில்லை. பெஞ்சில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. கடைசியில், எப்போது பார்த்தாலும் ரோட்டில் ஒரு லாரி போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால், லாரியைக் கை காட்டினால் எல் என்று முடிவானது.

நான் குரல் எடுத்து, "தாம்பரம்! தாம்பரம்! படப்பை!" என்று கத்தினேன். பின்னால் தடபுடலென்று சத்தம். கூடையோடு ஒரு அம்மாவும், பையோடு ரெண்டு பேரும் பெஞ்சை விட்டு எழுந்து ஓடி வந்துவிட்டார்கள்.

"எங்கப்பா பஸ்ஸு?" என்றார் கூடைக்காரம்மா.

"பஸ்ஸு இல்லம்மா. கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டரு தாம்பரம் போவுதா?"

"போவாதும்மா."

"அப்ப எதுக்குய்யா பஸ்ஸுக்கு ஆள் ஏத்தறவன் மாதிரி கத்திகினு கீற!" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு தாம்பரம் பஸ் நிஜமாகவே வந்தது. அவர் ஏறவில்லை. "அடுத்ததுல போறேன். இது இன்னான்னு பாத்துட்டுப் போறேன்" என்றார்.

மூன்று பிளாப்பியும் உள்ளே போயின. புரோகிராம் உட்கார்ந்துவிட்டது. இனி அதற்கு நம்மைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் போன் சார். கம்பெனி நம்பர், அவர்கள் போன் நம்பர், மோடம் எந்த ஓட்டையில் இருக்கிறது, எல்லாம். எண்களுக்கு ஊர் தேவைப்படவில்லை, விரல் போதும். எனக்குப் பயம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. நான் சொல்வதற்கு முன்பே பெஞ்சிலிருந்து, "வல்லம்! வல்லம் வி!" என்று கூடச் சேர்ந்து கத்தினார்கள். நான் கை உயர்த்தினால் எல்லாரும் அமைதியாகி போன் சார் சொல்வதைக் கேட்க விட்டார்கள். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நான் கை உயர்த்தி ஒரு கூட்டம் அமைதியானது.

அப்புறம் போன் சாரின் குரல் தணிந்தது.

"சார், இப்ப பாஸ்வேர்டு சொல்றேன். இது ரொம்ப ரகசியம். உங்க ஆபீஸ்ல யார் அடிக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும்தான் தெரியணும். வேற யார் காதுலயும் விழக்கூடாது. சரியா?"

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் லாரிகள், இன்னொரு பக்கம் பெஞ்சு நிறைய ஆட்கள். கூடைக்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சரிங்க" என்றேன்.

அவர் கிசுகிசுவென்று சொன்னார். நான் முடிந்த மட்டும் மெதுவாகக் கத்தினேன். மெதுவாகக் கத்துவது என்று ஒன்று இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆபீஸ் அம்மா காதில் கை வைத்து, "கேக்கல!" என்றார். வேறு வழியில்லை. மூச்சை இழுத்து விட்டேன்.

"குன்றத்தூர்! தாம்பரம்! மணிமங்கலம்! வல்லம்! ஏழு!"

"இன்னாய்யா ரூட்டு இது? சுத்திச் சுத்திப் போவுது" என்றார் டீக்கடைக்காரர்.

"டிரைவர் புதுசா இருப்பான்" என்றது பெஞ்சு.

போன் சார் கேட்டார்: "சார், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"டீக்கடைலங்க."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "சரி விடுங்க, நாளைக்கு மாத்திக்கலாம்" என்றார்.

எல்லாம் முடிந்தது, இனி கட்ட வேண்டியது, அனுப்ப வேண்டியதுதான். கட்டு என்று ஒரு கட்டளை, கட்டியாயிற்று என்று திரை சொன்னது. அனுப்பு என்று ஒரு கட்டளை. திரையில் ஒவ்வொரு புள்ளியாக வரும், வரிசை முடிந்ததும் ஓகே என்று வரும் என்றார் போன் சார். ஆபீஸ் அம்மா ஜன்னலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

"டயல் போவுது! கீச் கீச்னு கத்துது! புள்ளி வருது! வருது! வருது... நின்னுடுச்சுண்ணே!"

பெஞ்சு 'ஐயோ' என்றது. மறுபடி அனுப்பினோம். பாதியில் நின்றது. போன் சார் யோசித்து, எங்கேயோ தப்பாக அடித்திருப்பீர்கள், முதலிலிருந்து போடுங்கள் என்றார். முதல் பிளாப்பி, புள்ளிக்கு முஷ்டி, ஒரகடத்துக் கோடு, தாம்பரம், லாரி எல்லாம் மறுபடி நடந்தன. இந்தத் தடவை வேகமாக நடந்தது. பாஸ்வேர்டு வந்தபோது நான் வாயைத் திறக்கவே இல்லை, பெஞ்சே மொத்தமாக எழுந்து கத்தியது. அனுப்பினோம். புள்ளி வந்து பாதியில் நின்றது.

"லைன்ல யாராவது போன எடுக்கறாங்களா?" என்று போன் சார் கேட்டார். நான் கேட்டேன். ஆபீஸ் அம்மா டேப் சுற்றிய போனை ரெண்டு கையாலும் தூக்கி ஜன்னலில் காட்டினார்.

"போனுக்கு இன்னாய்யா ஆச்சு? மாவுக்கட்டு போட்டுகீறீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

யாரும் எடுக்கவில்லை என்று போன் சாரிடம் சொன்னேன். அவர் குரலிலும் பதற்றம் ஏறிவிட்டது. "சார், பன்னண்டு ஆகப் போகுது. லாரி எங்க கேட்லதான் நிக்குது. எங்க ஆளுங்க திருப்பச் சொல்லிடுவாங்க. கடைசியா ஒரு தடவை அனுப்பிப் பாருங்க" என்றார். பக்கத்துக் கம்பெனியில் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவார்கள். சங்கு எப்போது வேண்டுமானாலும் ஊதலாம். காலையிலிருந்து பறந்துகொண்டிருந்த உடம்பு சட்டென்று தரைக்கு வந்தது. மறுபடி அந்தக் கேட்டுகளும் வாட்ச்மேன்களும் கண் முன்னால் வந்தார்கள்.

'அனுப்பு' என்று கத்த வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, பெரிய இயந்திரம் ஏற்றிய நீளமான டிரெய்லர் ஒன்று வந்து எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ மாடு. எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கம் போகவில்லை. ரிசீவரை டீக்கடைக்காரர் கையில் திணித்தேன். "புடிங்க, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, டிரெய்லரைச் சுற்றி ஓடி, ரோட்டைத் தாண்டி, ஆபீஸுக்குள் நுழைந்தேன்.

"அனுப்பிடுங்கம்மா, கடைசித் தடவ!" என்றேன். அவர் அடித்தார். மோடம் கீச்சிட ஆரம்பித்தது. புள்ளிகள் வந்தன. நின்று பார்க்க என்னால் முடியவில்லை. திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே முதலாளி தெரிந்தார்.

அவர் போனைக் காதில் வைத்திருந்தார்.

பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது என்று பேசும் பக்கத்தை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்கிறவர் மாதிரி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போவுதுபா" என்றார் ரகசியக் குரலில். "நானும் காலைலேர்ந்து டிங்னு சத்தம் கேக்கறப்பல்லாம் எடுத்து எடுத்துக் கேக்கறேன். நல்லாத்தான் போவுது. எதுக்கு நிக்குதுன்னு தெரில."

பின்னாலிருந்து ஆபீஸ் அம்மாவின் குரல்: "நின்னுடுச்சுண்ணே!"

எத்தனையோ விதமாக அதைச் சொல்லியிருக்கலாம். சார், போனைக் கொஞ்சம் வைக்கிறீர்களா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து என் தொண்டையில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது. ரோட்டைத் தாண்டிப் போகிற குரல்.

"போன வைய்யா!"

கண்ணாடி அதிர்ந்தது. முதலாளி போனை வைத்தார். வைத்தார் என்று சொல்வதைவிட, அது அவர் கையிலிருந்து தானாகவே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த அறையில் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

"எடுத்தா அறுந்துடும்..." என்றேன். கொஞ்சம் கழித்து, "சார்" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நானா?" என்றார். "அய்யய்யோ. நான்தானா?" எழுந்து, ரெண்டு கையையும் போனிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, மேலே தூக்கிக்கொண்டு, அப்படியே வெளியே வந்தார். "அடிம்மா, அடி, சீக்கிரம் அடி!"

ஆபீஸ் அம்மா அடித்தார். டயல் போனது. முதலாளி அறையில் 'டிங்' என்றது. முதலாளியின் வலது கை தானாக ஒரு அசைவு அசைந்தது. நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மோடம் கீச்சிட்டது. புள்ளி வந்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. தாண்டியது. ஆபீஸ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். புள்ளி வரிசை திரையின் ஓரம் வரை போயிற்று. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓகே என்று வந்தது. இங்கிலீஷில் ரெண்டே எழுத்து, ரெண்டும் பெரிய எழுத்து. நானே படித்தேன்.

ஒரகடம், குன்றத்தூர்.

சங்கு ஊதியது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர்கள் கடிகாரத்தில் அது போய்ச் சேர்ந்தது பன்னிரண்டுக்கு முன்னாலா பின்னாலா? கேட்கப் போன் சார்தான் இருந்தார். அவர் டீக்கடைக்காரர் கையில் இருந்தார். டிரெய்லர் போய்விட்டிருந்தது. மூன்று பேரும் ரோட்டைத் தாண்டி ஓடினோம். முதலாளி அந்த டீக்கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டீ ஆற்றியபடியே, "அப்ப இன்னும் கல்யாணம் ஆவலன்றீங்க" என்று போன் சாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நான் வாங்கிக் காதில் வைத்தேன். "வந்துடுச்சு சார்" என்றார் போன் சார். "மொத்தமா வந்துடுச்சு. கேட்டுக்குச் சொல்லியிருக்கேன். அஞ்சு நிமிஷம் இருங்க, உங்க டிரைவரையே பேசச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பெஞ்சில் இடம் விட்டார்கள். முதலாளி உட்காரவில்லை. கூடைக்காரம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். எத்தனை தாம்பரம் பஸ்ஸை விட்டாரோ. போன் மணி அடித்தது. முதலாளி கை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீயே எடுப்பா" என்றார்.

எடுத்தேன்.

"அண்ணாச்சி! உள்ள விட்டுட்டாவ!" டிரைவரின் குரல் பெஞ்சு வரை கேட்டது. "திருப்பு திருப்புன்னு வாட்ச்மேன் கைய ஆட்டுதான், ரிவர்ஸ் கியரே போட்டுட்டேன், அதுக்குள்ள ஒருத்தர் உள்ள இருந்து ஓடியாந்து கேட்டத் தொறந்துட்டாரு! என்னத்த அனுப்புனிய?"

பெஞ்சு எழுந்து நின்று கத்தியது. ஆபீஸ் அம்மா கூடைக்காரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி எல்லாருக்கும் டீ சொன்னார். என் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை.

"சக்கர போதல" என்றேன், சத்தமாக.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது குரல் சுத்தமாகப் போயிருந்தது. "இன்னா, தொண்ட கட்டிகினு கீது? யார் கூட சண்ட?" என்றாள் மனைவி. மொதலாளி கூட என்று வாயசைத்தேன். அவள் நம்பவில்லை. நம்பும்படியாகச் சொல்ல எனக்குக் குரலும் இல்லை. குரல் திரும்பி வந்தபோது பழைய கூச்சமும் கூடவே வந்துவிட்டது. ஆனால் முழுதாக வரவில்லை. சர்க்கரை மட்டும் கேட்டு வாங்கினேன்.

பாஸ்வேர்டை அடுத்த நாளே மாற்றினார்கள். பிறகு மாதா மாதம் மாற்றினார்கள். டீக்கடைக்காரர் ஒவ்வொரு மாதமும், "இந்த மாசம் எந்த ரூட்டுபா?" என்று கேட்பார். நான் சொன்னதில்லை.

கீல் ஆர்டர் எங்களிடமே இருந்தது. தினமும் மதியத்துக்கு முன்னால் பேக்கேஜ் அனுப்பும் நேரம் வந்ததும் ஆபீஸ் அம்மா என்னைக் கூப்பிடுவார். லேபிள் நம்பரைச் சரிபார்க்க என்று பெயர். நான் போய் நிற்பேன். அவர் கட்டு என்று அடிப்பார். அனுப்பு என்று அடிப்பதற்கு முன்னால் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்ப்பார். கதவு திறக்கும். முதலாளி வெளியே வந்து, ஒன்றும் பேசாமல், ரெண்டு உள்ளங்கையையும் விரித்து எங்களுக்குக் காட்டுவார். நான் தலையசைப்பேன். அதற்கப்புறம்தான் ஆபீஸ் அம்மா பொத்தானை அழுத்துவார்.